ஆறு பேர், ஐந்து நாள், பாங்காக்: ஒரு பயணம் எங்கெங்கே சறுக்குகிறது

சென்னையிலிருந்து பாங்காக்குக்கு விமானத்தில் மூன்றரை மணி நேரம். கல்லூரி நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து வாட்ஸ்அப் குழு தொடங்கி, பாங்காக்கில் மூன்று நாள், பட்டாயாவில் இரண்டு நாள் என்று கிளம்புகிறார்கள். கீழே வருவது ஒரே குழுவுக்கு நடந்தது அல்ல. நண்பர் குழுக்கள் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்ளும் இடங்களை ஒரே பயணமாகக் கோத்து, ஒவ்வொன்றும் ஏன் நடக்கிறது என்று பிரித்துப் பார்த்திருக்கிறோம். காரணத்தைத் துருவிக்கொண்டே போனால் அது தாய்லாந்தில் போய் நிற்பது குறைவு. "அவன் பாத்துப்பான்டா" என்று குழுவில் யாரோ சொன்ன இடத்தில்தான் பெரும்பாலும் போய் நிற்கிறது.

நள்ளிரவு 12.25

டிக்கெட்டில் 14ஆம் தேதி, 00.25 என்று இருக்கிறது. குழுவில் அது "14ஆம் தேதி ராத்திரி ஃப்ளைட்" என்று பரவுகிறது. உண்மையில் 13ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கே மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். மதுரையிலிருந்து வரவேண்டியவர் 14ஆம் தேதி காலைப் பேருந்துக்குப் பதிவு செய்திருக்கிறார். டிக்கெட்டை ஒருவர் வாங்கினார், மற்ற ஐந்து பேரும் அதைத் திறந்தே பார்க்கவில்லை. 13ஆம் தேதி மதியம் தற்செயலாக யாரோ கேட்டதால் தப்பித்தார்கள். கேட்காமல் விட்டிருந்தால் அவருடைய டிக்கெட் பணம் போயிருக்கும். அந்த டிக்கெட்டின் திரும்பும் பாதியும் ஒரே பதிவில் இருந்தால், போகும் பயணத்துக்கு வராதவரின் திரும்பும் டிக்கெட்டும் ரத்தாகிவிடும் என்பது பலருக்குத் தெரியாது.

நள்ளிரவு விமானங்களுக்கு டிக்கெட்டில் உள்ள தேதியைக் குழுவில் போடவே கூடாது. "13ஆம் தேதி இரவு 9 மணி, விமான நிலைய வாசல்" என்று மட்டும் எழுத வேண்டும்.

இதே தேதிச் சிக்கல் ஹோட்டலிலும் வரும். தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். 12.25க்குக் கிளம்பினால் அங்கே இறங்கும்போது காலை ஐந்தரை. பெட்டியோடு ஹோட்டல் போய்ச் சேர ஏழரை மணி. அறை கிடைப்பது மதியம் இரண்டுக்கு. முந்தைய நாள் இரவுக்கும் சேர்த்துப் பணம் கட்டலாம், இல்லையென்றால் பெட்டியை வரவேற்பறையில் வைத்துவிட்டு வெளியே அலையலாம். ஆறு பேரும் அலைவதைத் தேர்ந்தெடுத்தார்கள். தூக்கமில்லை, குளியலில்லை, போட்டிருந்தது அரைக்கால் சட்டை. இந்த மூன்றும் மூன்று மணி நேரம் கழித்து எப்படி வேலை செய்கின்றன என்று பாருங்கள்.

அதற்கு முன் குடியேற்றப் பிரிவில் ஒரு தடை. 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் எல்லாரும் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் முன்கூட்டி நிரப்ப வேண்டும். வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம், கட்டணம் கிடையாது. தேடுபொறியில் முதலில் வரும் பக்கங்களில் சில பணம் கேட்கும் தனியார் பக்கங்கள். முகவரி தாய்லாந்து குடியேற்றத் துறையுடையதுதானா, 'கோ டாட் டிஎச்' என்று முடிகிறதா என்று பார்த்துத்தான் நிரப்ப வேண்டும். ஆறு பேருக்கும் ஒருவரே உட்கார்ந்து நிரப்பியதில், ஒருவரின் பாஸ்போர்ட் எண்ணில் ஓர் இலக்கம் மாறிவிட்டது. தங்குமிடம் போன்ற விவரங்களைப் பிறகு திருத்தலாம். பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் தவறினால் புதிதாகவே நிரப்ப வேண்டும். அவரவர் அட்டையை அவரவர் நிரப்பினால் இந்தத் தவறு அநேகமாக வராது.

இறங்கியதும்

பணம். இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாகத் திறந்திருக்காது. 2020இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, வாடிக்கையாளரே வங்கிச் செயலியில் அதை இயக்க வேண்டும். ஆறு பேரில் மூன்று பேரின் அட்டை ஏடிஎம்மில் மறுக்கப்பட்டது இதனால்தான். வேலை செய்த அட்டைக்கும் ஒவ்வொரு முறை எடுக்கும்போது தாய்லாந்து வங்கி சுமார் 220 பாட் (தாய்லாந்து நாணயம்) கட்டணம் பிடிக்கும். ஆயிரம் ஆயிரமாக ஐந்து முறை எடுத்தால் சுமார் 1,100 பாட் கட்டணத்துக்கே போய்விடும். எடுப்பதானால் ஒரே தடவையில் எடுங்கள். திரையில் "இந்திய ரூபாயில் மாற்றித் தரட்டுமா" என்ற பொருளில் ஒரு கேள்வி வரும், மாற்று விகிதமும் காட்டும். அதை மறுக்க வேண்டும். மறுத்தாலும் பணம் வரும், அப்போது விகிதத்தை உங்கள் வங்கி போடும். ஏற்றுக்கொண்டால் அந்த ஏடிஎம் வங்கி போடும் மோசமான விகிதம் உங்கள் தலையில் விழும். ரூபாய் நோட்டைக் கொண்டுபோய் அங்கே மாற்றுவது நஷ்டம். கிழியாத, மடிப்பில்லாத நூறு டாலர் நோட்டுகளுக்கு நல்ல விகிதம் கிடைக்கும். சுவர்ணபூமி விமான நிலையத்தில், பெட்டி எடுக்கும் தளத்தில் உள்ள கவுன்டர்களைவிட ரயில் நிலையம் இருக்கும் அடித்தளத்துக் கடைகளில் விகிதம் கூடுதல்.

ஆறு பேரும் ஆறு பெட்டியும் ஒரு சாதாரண டாக்சியில் ஏறாது. இரண்டாகப் பிரிய வேண்டும். ஹோட்டல் பெயரும் இணைய இணைப்பும் ஒருவரின் போனில் மட்டுமே இருந்தன. இரண்டாவது வண்டியில் ஏறிய மூவருக்கும் தாங்கள் போகும் இடத்தின் பெயர்கூடத் தெரியாது. வண்டிக்கு ஒருவராவது சிம் வாங்கியிருக்க வேண்டும். ஹோட்டல் முகவரியைத் தாய்லாந்து எழுத்திலேயே படமெடுத்து எல்லார் போனிலும் வைக்க வேண்டும், ஏனென்றால் ஓட்டுநர்கள் பலருக்கு ஆங்கில எழுத்து வாசிக்க வராது. மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். விமான நிலைய வரிசையில் ஏறினால் மீட்டருக்கு மேல் 50 பாட், சுங்கச் சாவடிக் கட்டணம் தனி. இது ஏமாற்று அல்ல, முறையான கட்டணம்தான். இதற்காக ஓட்டுநரோடு சண்டை போடும் குழுக்கள் ஏராளம். பெட்டி குறைவாக இருந்தால் அடித்தளத்து ரயிலில் பயா தாய் நிலையம் வரை 45 பாட், அரை மணி நேரம். அங்கிருந்து நகர மின்ரயில்.

அரண்மனைச் சுவர் ஓரம்

காலை பத்தரை. கிராண்ட் பேலஸின் வெள்ளை மதில் ஓரமாக ஆறு பேரும் நடக்கிறார்கள். சுத்தமாகச் சட்டை அணிந்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒருவர் எதிரே வந்து, எந்த ஊர் என்று கேட்கிறார். இந்தியா என்றதும் முகம் மலர்கிறது. "அரண்மனை இப்போது மூடியிருக்கிறது, பூஜை நடக்கிறது, ஒன்றரை மணிக்குத்தான் திறப்பார்கள்" என்கிறார். வரைபடத்தை வாங்கி மூன்று கோயில்களைப் பேனாவால் வட்டமிட்டுத் தருகிறார். அவரே துக்துக் என்னும் மூன்று சக்கர வண்டியை நிறுத்தி, "எல்லா இடத்துக்கும் சேர்த்து நாற்பது பாட்தான்" என்று பேசிமுடிக்கிறார். தனக்கென்று ஒரு பாட்கூடக் கேட்பதில்லை.

துக்துக்குக்கு மூவர் என்று குழு மறுபடி இரண்டாகிறது. முதல் கோயில் நிஜமான கோயில்தான். அங்கே தற்செயலாக அமர்ந்திருக்கும் இன்னொருவர், இந்த வாரம் மட்டும் அரசே வெளிநாட்டவருக்கு வரியில்லாமல் ரத்தினக் கல் விற்கிறது, ஊரில் விற்றால் இரண்டு மடங்கு என்று பேச்சுவாக்கில் சொல்கிறார். அடுத்த நிறுத்தம் அந்தக் கடை. அதற்கடுத்தது தையல் கடை. நாற்பது பாட் சவாரிக்குச் செலவு யார் தருகிறார்கள் என்றால், கடைகள் ஓட்டுநருக்குத் தரும் பெட்ரோல் கூப்பனும் கமிஷனும்தான்.

பல பத்தாண்டுகளாக நடக்கும் இந்த வித்தை இன்னும் பலிப்பதற்கு ஆட்களின் முட்டாள்தனம் காரணமல்ல. சொல்லப்படும் பொய்யில் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது: அரச சடங்குகளுக்காக அரண்மனையின் சில பகுதிகளை மூடுவது உண்டு. முதல் ஆள் எதையும் விற்பதில்லை. இரண்டாவது ஆள், முதலாமவருக்குச் சம்பந்தமில்லாத சாட்சிபோல வருகிறார். ஆறு பேரில் ஒவ்வொருவரும் மற்ற ஐந்து பேரில் யாராவது விசாரித்திருப்பார்கள் என்று நம்புகிறார்கள். இரவெல்லாம் தூங்காத மூளை, அரைக்கால் சட்டையோடு உள்ளே விடமாட்டார்கள் என்ற பயம், இரண்டும் "சரி, பிறகு வரலாம்" என்பதை எளிதாக்குகின்றன. தனியாகப் போகிறவரைவிடக் குழு இதில் எளிதாக விழுகிறது என்பதே எங்கள் கணிப்பு.

தீர்வு இவ்வளவுதான்: மூடியிருக்கிறதா என்பதை டிக்கெட் ஜன்னலில் இருப்பவர் சொல்ல வேண்டும், தெருவில் இருப்பவர் சொல்லக் கூடாது. நா பிரா லான் சாலையில் உள்ள வாசல்வரை நடந்துபோய்ப் பாருங்கள். காலை 8.30 முதல் மாலை 3.30 வரை டிக்கெட் தருகிறார்கள், 500 பாட். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கிழிசல் ஜீன்ஸும் ஒட்டிய லெக்கின்ஸும் ஆகாது. மறந்துபோனவர்களுக்காகவே வெளியே யானைப் படம் போட்ட தொளதொள பேண்ட் விற்கிறார்கள். கல் வாங்கிவிட்டீர்கள் என்றால், தபாலில் ஊருக்கே அனுப்பிவைக்கிறோம் என்று கடைக்காரர் சொல்வதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். பொருள் கையில் இல்லாவிட்டால் திருப்பிக் கொடுக்கவும் முடியாது, மதிப்பிடவும் முடியாது. அன்றே சுற்றுலா போலீஸுக்கு 1155 என்ற எண்ணில் பேச வேண்டும், வங்கிக்கும் சொல்ல வேண்டும். மறுநாள் என்றால் பலம் பாதி குறையும்.

அந்த மதிலுக்குள் இருப்பதைத் தவறவிடுவதுதான் பெரிய இழப்பு. 1782இல் முதலாம் ராமா மன்னர் தொடங்கிய வளாகம் அது. வாட் பிரா கேவ் கோயிலின் சுற்று மண்டபச் சுவரில் 178 பகுதிகளாக ராமகியன் ஓவியம் ஓடுகிறது. இராமாயணம் தெரிந்த நம்மவர்கள் வழிகாட்டி இல்லாமலே பாதியைப் படித்துவிடலாம், அனுமன் மட்டும் நாம் அறிந்த பிரம்மச்சாரி அல்ல. மரகத புத்தர் என்று அழைக்கப்படும் சிலை சுமார் 66 சென்டிமீட்டர் உயரம்தான். பருவத்துக்கு ஒன்றாக ஆண்டுக்கு மூன்று முறை அதன் ஆடையை மன்னரே மாற்றுவது வழக்கம். அங்கிருந்து வாட் சுதத் கோயில் எதிரே நிற்கும் பெரிய ஊஞ்சல் கம்பத்துக்கும் போய்வாருங்கள். ஊஞ்சல் ஆட்டம் 1930களில் நின்றுவிட்டது. ஆனால் அதனோடு இணைந்த விழாவின் பெயர் திரியம்பாவாய். நம் திருவெம்பாவையிலிருந்து வந்த பெயர். அரசவைப் பிராமணர்கள் இன்றும் அந்தப் பாசுரங்களை ஓதுகிறார்கள். மார்கழியில் ஊரில் கேட்டு வளர்ந்தவருக்கு அந்தக் கம்பத்தின் கீழே நிற்பது வேறோர் அனுபவம்.

அரண்மனைக்குப் போகத் துக்துக் தேவையே இல்லை. மின்ரயிலில் சபான் தக்சின் நிலையம், கீழே இறங்கினால் சத்தோன் படகுத்துறை. ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் எவ்வளவு தூரமானாலும் 16 பாட். பக்கத்திலேயே நீலக் கொடிச் சுற்றுலாப் படகுக்குத் தனிக் கவுன்டர் இருக்கும், அங்கே கட்டணம் கூடுதல். கவுன்டரில் கூவி அழைப்பது நீலக் கொடிக்குத்தான், அதனால் பலர் அதை மட்டுமே படகு என்று நினைக்கிறார்கள். தா சாங் துறையில் இறங்கினால் அரண்மனை. 46 மீட்டர் நீளச் சயன புத்தர் இருக்கும் வாட் போவுக்கு 300 பாட். அதன் எதிரே தா தியேன் துறையிலிருந்து அக்கரை வாட் அருணுக்கு ஐந்து பாட் படகு.

சாப்பாடு

ஆறு பேரில் ஒருவர் சைவம். பாட் தாய் என்னும் நூடுல்ஸ் விற்கும் கடையில் "நோ சிக்கன், நோ ஃபிஷ்" என்கிறார். கடைக்கார அம்மா தலையாட்டிவிட்டு, கோழியும் மீன் துண்டும் இல்லாமல் செய்துதருகிறார். அதில் நாம் பிளா என்னும் மீன் சாறு இருக்கிறது. அவர் ஏமாற்றவில்லை. நமக்கு உப்பும் புளியும் எப்படியோ அப்படித்தான் அவர்களுக்கு நாம் பிளா. அதை மீன் என்று நினைப்பதில்லை. சோம் தாம் என்ற பப்பாளிக்காய் சாலட்டில் உலர்ந்த இறாலும் இடிபடும். சிவப்புக் குழம்பு, பச்சைக் குழம்பு விழுதுகளில் கப்பி என்ற இறால் விழுது ஏற்கெனவே அரைபட்டிருக்கும், கடைசி நிமிடத்தில் எடுக்க வழியில்லை. கீரைப் பொரியலில் சிப்பிச் சாறு.

சொல்ல வேண்டிய சொல் 'ஜே'. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தாக, நம் எண் 17ஐச் சேர்த்து எழுதியதுபோல அது தெரியும். ஜே என்றால் இறைச்சி, மீன் சாறு, முட்டை, பால் எதுவும் கிடையாது. பூண்டும் வெங்காயமும்கூடக் கிடையாது. 'மங்சவிரத்' என்றாலும் சைவம்தான், ஆனால் அதில் முட்டையும் பாலும் வரலாம். ஜே கடை இல்லாத இடத்தில் "மை சை நாம் பிளா" என்றால் மீன் சாறு போடாதீர்கள் என்று பொருள். காரத்துக்கு "மை பெட்" என்று சொல்லலாம். சோம் தாமுக்கு "பிரிக் மெட் தியாவ்", ஒரே ஒரு மிளகாய், என்பது இன்னும் பாதுகாப்பு. ஆந்திரா மெஸ் சாப்பிட்ட நாக்கு என்ற தைரியத்தில் உள்ளூர்க் காரம் கேட்டவர்கள் மறுநாள் அறையைவிட்டு வெளியே வருவதில்லை. வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் பாட் தாய், சோம் தாம் இரண்டிலும் கவனமாக இருக்க வேண்டும்.

நம் சாப்பாடு வேண்டுமென்றால் பஹுரத் பகுதியும், சீலோம் சாலை மாரியம்மன் கோயில் சுற்றுவட்டாரமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய கோயில் அது. டாக்சியில் "மாரியம்மன் கோயில்" என்றால் புரியாது, "வாட் கேக்" என்றால் நேரே கொண்டுபோய் இறக்குவார்கள்.

வயிறு கெட்டால் பெரும்பாலும் குழு செய்யும் தவறு ஓஆர்எஸ் பொடியை ஒரு சின்னப் பாட்டிலில் கொட்டிக் குடிப்பது. நம்மூர்ப் பொட்டலங்களில் ஒரு லிட்டருக்கானதும் உண்டு, 200 மில்லிக்கானதும் உண்டு. லிட்டர் பொட்டலத்தை அரை லிட்டரில் கலந்தால் உப்புச் செறிவு இரட்டிப்பாகி உடல்நிலை இன்னும் மோசமாகலாம். உறையைப் படித்துக் கலக்குங்கள். காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ இருந்தால் பேதியை நிறுத்தும் மாத்திரை போடாமல் மருத்துவரிடம் போக வேண்டும். ஆம்புலன்ஸ் எண் 1669. நடுவில் ஓட்டை உள்ள உருளை ஐஸ் ஆலையில் செய்தது, அதற்கு அவ்வளவாகப் பயப்பட வேண்டியதில்லை.

பட்டாயா

ஊருக்குள் சுற்றும் சோங்தேவ், பெயருக்கேற்ப இரண்டு வரிசை இருக்கை உள்ள வண்டி. நம் ஷேர் ஆட்டோவின் அண்ணன். ஓடும் வழியில் கைகாட்டி ஏறி, மணியை அழுத்தி இறங்கி, இறங்கியபின் காசு கொடுக்க வேண்டும். ஏறுமுன் "எவ்வளவு" என்று கேட்டால் வண்டியைத் தனியாக வாடகைக்கு எடுப்பதாகப் பொருள். பத்திருபது பாட் சவாரி சில நூறாகிவிடும். ஓரமாக நிறுத்தியிருக்கும் காலி வண்டியில் ஆறு பேரும் சேர்ந்து ஏறினாலும் அதே கதைதான். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் ஏறுங்கள்.

ஸ்கூட்டர் வாடகைதான் உண்மையான ஆபத்து. ஆர்டிஓவில் ஆயிரம் ரூபாய் கட்டி வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் இருசக்கர வாகனப் பிரிவும் இருக்க வேண்டும். அது இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீடு பணம் தராது. தனியார் மருத்துவமனைக் கட்டணத்தை ஆறு பேரும் சேர்ந்து புரட்ட வேண்டியிருக்கும். கடைக்காரர் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்பார். கொடுக்காதீர்கள், ரொக்க முன்பணம் வாங்கும் கடைக்குப் போங்கள். கொடுத்துவிட்டால், திருப்பும்போது பழைய கீறலுக்குக் கேட்கும் தொகையைப் பேரம்பேச உங்களிடம் எதுவும் மிஞ்சாது. கடற்கரையில் ஜெட் ஸ்கீக்கும் இதே வித்தை. எடுத்தே தீர வேண்டுமென்றால், அடிப்பகுதியையும் சேர்த்து வண்டிக்காரர் கண்ணெதிரே வீடியோ எடுத்துவிட்டு ஏறுங்கள். தகராறு வந்தால் ஏடிஎம்முக்கு அழைத்துப்போக விடாமல், நின்ற இடத்திலேயே 1155ஐக் கூப்பிடுங்கள்.

பாஸ்போர்ட் தொலைந்தே போனால், முதலில் தொலைத்த ஊர்க் காவல் நிலையத்தில் புகார்ச் சீட்டு. பிறகு பாங்காக்கில் சுகும்வித் சோய் 23இல் இந்தியத் தூதரகம். இந்தியா திரும்ப மட்டும் செல்லுபடியாகும் அவசரச் சான்றிதழ் தருவார்கள். அதோடு வேலை முடியாது, நுழைவு முத்திரை பழைய பாஸ்போர்ட்டோடு போய்விட்டதால் குடியேற்றத் துறையிலும் பதிவு சரிசெய்ய வேண்டும். வார இறுதியில் தொலைத்தால் திங்கள்வரை எதுவும் நகராது. பாஸ்போர்ட் முகப்பு, நுழைவு முத்திரைப் பக்கம் இரண்டின் படமும், இரண்டு புகைப்படமும் வேறு ஒருவரின் பையில் இருந்தால் ஒரு நாள் மிச்சம்.

திரும்பும் நாள்

போக ஒரு நிறுவனம், திரும்ப இன்னொரு நிறுவனம் என்று மலிவாகத் தேடி எடுத்த டிக்கெட்டுகள். இரண்டிலும் "பாங்காக்" என்றே இருக்கிறது. வந்திறங்கியது சுவர்ணபூமி. பட்டாயாவிலிருந்து வரும் வழியும் அதுவே. மாலை 6.30க்கு அங்கே இறங்கி, வரிசையில் நின்று 7.10க்கு டிக்கெட்டைக் காட்டியபோதுதான், இரவு 10 மணி விமானம் நகரின் வடக்கே டான் முயாங் விமான நிலையத்திலிருந்து என்று தெரிகிறது. கவுன்டர் மூடுவது ஒரு மணி நேரம் முன்பு, ஒன்பதுக்கு.

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே, அன்றைய பயணச்சீட்டைக் காட்டுபவர்களுக்கு இலவசப் பேருந்து உண்டு. மாலை நெரிசலில் அது ஒன்றரை மணி நேரத்தை விழுங்கும். 7.30க்கு ஏறினால் ஒன்பதுக்குப் போய் நிற்கும், பெட்டி போட நேரமிருக்காது. சுங்கச் சாலையில் டாக்சி என்றால் ஒரு மணி நேரத்துக்குள். கையிலிருந்த கடைசி பாட் நோட்டுகளை எண்ணி, இரண்டு டாக்சி, சுங்கக் கட்டணத்தோடு. 8.30க்குக் கவுன்டர். பெட்டிக்குள் வைத்திருந்த பவர் பேங்கை எடுத்துக் கைப்பைக்கு மாற்ற அங்கே இன்னொரு பத்து நிமிடம் போனது. அது சரக்குப் பெட்டியில் போகக் கூடாது என்பது எல்லா விமானத்துக்கும் பொதுவான விதி.

டிக்கெட்டில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் மூன்று எழுத்து இருக்கும். பிகேகே என்றால் சுவர்ணபூமி, டிஎம்கே என்றால் டான் முயாங். ஆறு பேரின் போனிலும் அந்த டிக்கெட் இருந்தது.